ஸ்பானர் இருக்கு... பாஸ்வேர்டு இல்லை!

மதுரைக்குத் தலைவர்கள் வந்தால் இப்போதெல்லாம் மாலை தோளில் விழுவதில்லை. கிரேனில் தொங்குகிறது. ஜே.சி.பி.யின் பக்கெட் நிறைய ரோஜா இதழ்களை நிரப்பி வைத்து, தலைவரின் வேன் கீழே வரும்போது அப்படியே கவிழ்க்கிறார்கள். மண் அள்ளச் செய்த இயந்திரம் பூ அள்ளுகிறது. மறுநாள் பேப்பரில் படம்.

எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எல்லாக் கட்சியும்தான். அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தலைவர் இருக்கிறார். மாவட்டம் இருக்கிறார், வட்டம் இருக்கிறார். செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஐம்பது பேர் இருக்கிறார்கள். ஜே.சி.பி. ஆபரேட்டர்கூடக் கண்ணாடிக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிறார். ஒருவர் மட்டும் எந்தப் படத்திலும் இருப்பதில்லை. தலைவர் தலைக்கு மேலே தூக்கிய கை அப்படியே மடங்கி விழாமல், ஹைட்ராலிக் சீலையும் ஹோஸையும் ஒழுங்காக மாட்டிக் கொடுத்த மெக்கானிக்.

இந்த வாரம் அவரைப் பற்றித்தான். 'ஐயோ பாவம் உழைப்பாளி' என்று உச்சுக்கொட்டுவதற்காக இல்லை. அவர் கையிலிருக்கும் தொழிலைச் சத்தம் போடாமல் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிடுங்குவது தப்பு என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே தீர்ப்பும் வந்துவிட்டது. அப்புறமும் பிடுங்குகிறார்கள். அதைக் கேட்கத்தான்.

*

மதுரை ரிங் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அப்படியே கப்பலூர், திருமங்கலம் பக்கம், வாடிப்பட்டி பக்கம், மேலூர் பக்கம் போய்ப் பாருங்கள். ரோட்டோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன மண். ஒரு டிப்பர் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டை மேல் நிற்கும். பக்கத்திலேயே ஒரு லேத். அதற்குப் பக்கத்தில் கமான் பட்டை கட்டுகிறவர். அடுத்து வெல்டிங், அடுத்து டயர், அடுத்து ஹோஸுக்கு முனை அழுத்திக் கொடுக்கிற கடை. பாதிக் கடைகளுக்குப் போர்டுகூட இருக்காது. லாரிக்காரருக்கு வழி தெரியும், அது போதும்.

சினிமாவில் கார் மெக்கானிக் எத்தனையோ தடவை ஹீரோ ஆகிவிட்டார். லாரி மெக்கானிக், மண் அள்ளும் இயந்திர மெக்கானிக்... அவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் உண்மையான வித்தை இங்கேதான் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எந்தப் பேரிங் அழுகிறது என்று சொல்வார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி. புகையின் நிறத்தைப் பார்ப்பார்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம் போகிறது அல்லது காற்று போதவில்லை. நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் வருகிறது, இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஸ்பானர் எடுக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த இயந்திரங்கள் எப்படி நம்ம ஊருக்குள் வந்தன? குவாரி, கிரஷர், கண்மாய் தூர்வாருதல், கிணறு வெட்டு, நான்கு வழிச் சாலை, கடைசியில் பிளாட் போட வயலைச் சமப்படுத்துவது. பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். ஜே.சி.பி. என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்கிற இங்கிலாந்துக்காரரின் இனிஷியல். ஹிட்டாச்சி ஜப்பான். மூன்றையும் மதுரைக்காரன் தமிழ்ச் சொல்லாக்கிவிட்டான். 'ஒரு ஹிட்டாச்சி வரச்சொல்லுப்பா' என்றால் எந்தக் கம்பெனி மிஷின் வந்தாலும் சரி.

2012-ல் மேலூர் பக்கத்து கிரானைட் விவகாரம் வெடித்தது. அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அன்றைய கலெக்டர் சகாயம் அறிக்கை எழுதினார். குவாரிகள் மூடப்பட்டன. மலையை விழுங்கியதைத் தடுத்ததில் இரண்டாவது கருத்தே கிடையாது. ஆனால் அன்றைக்கு எல்லார் கணக்கையும் போட்டோம். முதலாளி கணக்கு, அதிகாரி கணக்கு, அரசியல்வாதி கணக்கு. அந்த மிஷின்களை நம்பிப் பட்டறை போட்டவர் கணக்கு எதிலும் வரவில்லை. அவரும் வந்து கேட்கவில்லை. மிஷின் எங்கே போகிறதோ, சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதுதான் அந்தத் தொழில்.

*

பழுது பார்ப்பது மதுரைக்கு நேற்று வந்த தொழில் இல்லை.

1911-ல் தொழிலில் இறங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், மதுரையைத் தலைமையிடமாக வைத்து வளர்த்ததுதான் டி.வி.எஸ். சாம்ராஜ்யம். தென் மாவட்டங்களில் பஸ் என்றாலே டி.வி.எஸ். என்றிருந்த காலம் உண்டு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. என்ன செய்தார்கள்? கரியை எரித்து, அதில் வரும் வாயுவில் என்ஜினை ஓட்டுகிற 'கேஸ் பிளான்ட்' கருவியை டி.வி.எஸ். தயாரித்தது. பஸ்ஸோடு அதை மாட்டி ஓட்டினார்கள். பஸ் நிற்கவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த என்ஜின்கள் வெளிநாட்டில் செய்தவை. நம்ம ஆட்கள் அதைத் திறந்தார்கள், புரிந்துகொண்டார்கள், வேறு எரிபொருளுக்கு மாற்றினார்கள். யாரிடமும் பாஸ்வேர்டு கேட்க வேண்டியிருக்கவில்லை. இன்றைய மாதிரி பூட்டிய என்ஜினாக இருந்திருந்தால், போர் முடிகிறவரை தென் மாவட்டம் நடந்துதான் போயிருக்கும்.

அந்தப் பக்கம் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு. 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்தவர். பின்னாளில் அவர் மோட்டார் செய்ததும், ரேசர் செய்ததும் எல்லோருக்கும் தெரியும். பிரித்துப் பார்த்தவன்தான் பிறகு புதிதாகச் செய்கிறான். பழுது பார்க்கும் தொழிலை உற்பத்தித் தொழிலின் எடுபிடி என்று நினைப்பவர்களுக்குச் சரித்திரம் தெரியாது. அது உற்பத்திக்கு அண்ணன்.

1972-ல் தனியார் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அதற்கும் டெப்போக்கள், டெப்போவுக்கு ஒரு பட்டறை, பட்டறைக்குள் டெக்னிக்கல் ஆட்கள். அங்கே கற்றவர்கள் வெளியே வந்து பட்டறை வைத்தார்கள். வெளியே கற்றவர்கள் உள்ளே போனார்கள். கை மாற்றிக் கை மாற்றித்தான் இந்த வித்தை வளர்ந்தது.

*

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய லாரி என்ஜினில் பம்ப், நாசில், ஃபில்டர், வால்வு. எல்லாம் இரும்பு. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். டைமிங் தப்பினால் திருகிச் சரிசெய்யலாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்தது. இந்தியா நான்கிலிருந்து ஐந்தைத் தாண்டி நேராக ஆறுக்குக் குதித்தது. சக்கரம் வைத்த மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் 2021 ஏப்ரலில் விதிகளை இறுக்கினார்கள். என்ஜின் மேல் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்தது. சைலன்சருக்குப் பதிலாக ஒரு குட்டி ரசாயனத் தொழிற்சாலை வந்தது. கரியைப் பிடித்து எரிக்க ஒரு ஃபில்டர். நச்சு வாயுவை முறிக்க, தண்ணீரில் கலந்த யூரியாவைத் தெளிக்கும் அமைப்பு. லாரிக்காரர்கள் டீசல் போடும்போது 'யூரியாவும் ஊத்துங்க' என்கிறார்களே, அதுதான். யூரியா தீர்ந்தாலோ, சென்சார் சந்தேகப்பட்டாலோ கம்ப்யூட்டர் என்ஜினின் சக்தியைக் குறைத்துவிடும். அப்புறம் லோடு வண்டி மாட்டு வண்டிதான்.

இது வந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது. அந்தப் புகையை முதலில் குடிப்பவரே மெக்கானிக்தான். புகை குறைந்தால் முதல் லாபம் அவர் நுரையீரலுக்கு. பி.எஸ்.6 வாழ்க.

என் சண்டை புகை ஃபில்டரோடு இல்லை. அதோடு சேர்த்து மாட்டிய பூட்டோடு.

ஓர் உதாரணம். இன்ஜெக்டர் போய்விட்டது. புது இன்ஜெக்டர் வாங்கியாகிவிட்டது. கழற்றி மாட்டவும் தெரியும். மாட்டிவிட்டால் முடிந்ததா? பல வண்டிகளில் முடியாது. ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் மேலே ஒரு கோடு எண் பொறித்திருக்கும். அதை என்ஜின் கம்ப்யூட்டருக்குள் எழுத வேண்டும். எழுத, கம்பெனியின் சாஃப்ட்வேர் வேண்டும். சென்சார் மாற்றினாலும், அடைத்துக்கொண்ட கரி ஃபில்டரை நிறுத்தி வைத்து எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றாலும் அதே கதைதான். ஸ்பானர் வேலை பத்து நிமிஷம். அனுமதி வாங்கும் வேலை இரண்டு நாள். அந்த சாஃப்ட்வேரும், அதற்கான கருவியும், அதைப் படிக்கிற கையேடும் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டரில் இருக்கும். தகரக் கொட்டகைக்கு வராது.

உசிலம்பட்டி ரோட்டில் ஒரு டிப்பர் இப்படி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வண்டி வைத்திருக்கும் முதலாளி. முதலாளி என்று பெயர்தான். மாதம் பிறந்தால் தவணை கட்டுகிற கடன்காரர் அவர். முன்பென்றால் போன் போட்டால் அரை மணி நேரத்தில் பைக்கில் பெட்டியோடு மெக்கானிக் வந்துவிடுவார். "என்னண்ணே, இழுக்க மாட்டேங்குதா? நகருங்க, பாப்போம்." சாயங்காலம் வண்டி லோடு ஏற்றும். இப்போதும் அதே மெக்கானிக் வருகிறார். பார்க்கிறார். "அண்ணே, சென்சார் கேக்குது. என் கையில ஒண்ணும் இல்ல. கம்பெனிக்கு போன் போடுங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. முப்பது வருஷ வித்தை ஒரு மஞ்சள் விளக்குக்கு முன்னால் தலைகுனிகிறது. வாரன்டி இருக்கும்வரை கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்றால் நியாயம். வாரன்டி முடிந்து, கடனும் முடிந்து, வண்டி முழுக்க என் சொந்தம் ஆன பிறகும் அதைத் திறக்கிற சாவி கம்பெனியிடமே இருக்கும் என்றால் அது என்ன வியாபாரம்? வீட்டை விற்றவன் பீரோ சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு போகிற வியாபாரம்.

இத்தனைக்கும் இந்த வண்டிகள் செவ்வாய் கிரகத்திலிருந்து வரவில்லை. அசோக் லேலண்ட் எண்ணூரிலும் ஓசூரிலும் செய்கிறது. பாரத்பென்ஸ் ஒரகடத்தில். கோமட்சு ஒரகடத்தில். கேட்டர்பில்லர் திருவள்ளூர் பக்கத்தில். தமிழ்நாட்டு நிலம், தமிழ்நாட்டுத் தண்ணீர், தமிழ்நாட்டு மின்சாரம், தமிழ்நாட்டு வரிச் சலுகை. அங்கே செய்த வண்டியை மதுரையில் ஒருவர் திறந்து பார்க்க மட்டும் வழி கிடையாதா?

*

'சட்டம் என்ன சொல்கிறது சார்?' என்று கேட்பீர்கள். நன்றாகவே சொல்கிறது.

2011-ல் ஒரு தனி மனிதர், உதிரி பாகங்களையும் பழுது கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் கார் கம்பெனிகள் பதுக்குகின்றன என்று இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தார். விசாரித்த ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் தீர்ப்புச் சொன்னது. ஆமாம், பதுக்குகிறார்கள், இது போட்டியை நசுக்குகிற வேலை, உதிரி பாகங்களையும் கருவிகளையும் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குத் தர வேண்டும். 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம். மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா... பெரிய தலைகள் எல்லாம் பட்டியலில். கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின, கோர்ட்டுக்குப் போயின. பெரிய வக்கீல்கள் வந்தார்கள். தகரக் கொட்டகைக்கு இன்னும் கருவி வரவில்லை.

அது கார் வழக்குதானே, லாரிக்கு என்ன என்று கேட்கலாம். காரில் தப்பாக இருப்பது லாரியில் எப்படிச் சரியாகும்? காரைத் தூக்கிக்கொண்டு நகரத்து ஷோரூமுக்குப் போய்விடலாம். மண் குவாரிக்குள் செயின் மேல் நிற்கிற 20 டன் பொக்லைனை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது நீக்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன் உள்ளிட்ட எலெக்ட்ரானிக்ஸ், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள். அந்த டிசம்பரிலேயே ஒரு வலைத்தளமும் திறந்தார்கள். நல்லது. ஆனால் தகவல் தராவிட்டால் தண்டனை என்று சொல்கிற சட்டம்? அது வரவில்லை. பல் இல்லாத பக்கெட்டை வைத்துக்கொண்டு பாறையை அள்ளச் சொல்கிறார்கள்.

பி.எஸ்.6 விதிகளை நாம் எங்கிருந்து எடுத்தோம்? ஐரோப்பாவின் யூரோ 6-ஐப் பார்த்து. அந்த யூரோ 6-ஐக் கனரக வாகனங்களுக்குக் கொண்டுவந்த 2009-ம் வருஷத்து ஐரோப்பியச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. வண்டியின் பழுதுத் தகவல், கருவி, சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் கம்பெனி அல்லாத பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்கிற பிரிவு. புகை அளவை இங்கே கொண்டுவந்து கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினோம். கூடவே வந்திருக்க வேண்டிய உரிமை மட்டும் மதுரைப் பட்டறை வாசலுக்கு வந்து சேரவில்லை. வழியில் எந்த டோல்கேட்டில் நிறுத்தினார்களோ!

அமெரிக்காவில் விவசாயிகள் இதே சண்டையைப் போடுகிறார்கள். ஜான் டியர் டிராக்டரைத் தாங்களே பழுது பார்க்க முடியவில்லை என்று. 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளுக்குப் பழுது நீக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போட்டது. முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே 'வாங்கியவனுக்கு உரிமை உண்டு' என்று கேட்க முடிகிறது. நாம் கேட்டால் மட்டும் தொழில் விரோதியா?

*

கம்பெனிகள் தரப்பில் இரண்டு வாதங்கள் உண்டு. இரண்டையும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: 'சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டால் புகைக் கட்டுப்பாட்டையே கழற்றிவிடுவார்கள்.' இப்போது மட்டும் கழற்றாமலா இருக்கிறார்கள்? கம்ப்யூட்டரை ஏமாற்றுகிற சின்னப் பெட்டியை மாட்டி, யூரியா இல்லாமலே ஓட்ட வைக்கிற வேலை நடக்கிறது. தப்பு. பெரிய தப்பு. பின்னால் பைக்கில் வருகிற பிள்ளையின் நுரையீரலுக்கு வைக்கிற வேட்டு. ஆனால் அந்தத் தப்பு ஏன் வளர்கிறது? முறையாகச் சரிசெய்ய உள்ளூரில் வழியில்லாமல், வண்டி நாள்கணக்கில் நிற்கும்போது, கள்ளப் பெட்டிக்காரர் கடவுள் மாதிரித் தெரிகிறார். முன்வாசலைப் பூட்டினால் ஆள் பின்வாசல் வழியாகத்தான் வருவான். சென்சாரை நேர்மையாக மாற்ற வழிவிடுங்கள். அதற்குப் பிறகும் ஏமாற்றினால் பிடித்துப் போடுங்கள். நானே வந்து கைதட்டுகிறேன்.

இரண்டாவது: 'பாதுகாப்பு. தெரியாதவர் கை வைத்தால் விபத்து.' இந்த வாதத்தைக் கேட்டால்தான் எனக்கு உண்மையில் கோபம் வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பொக்லைனின் ஹைட்ராலிக் குழாய்க்குள் எண்ணெய் 300 பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிறது. நம் கார் டயரில் இருப்பதைப்போல நூறு மடங்குக்கும் அதிகம். ஹோஸில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால், கசிவு கண்ணுக்கே தெரியாது. எங்கே ஒழுகுகிறது என்று நம்ம ஆட்கள் சாதாரணமாகக் கையால் தடவிப் பார்ப்பார்கள். அந்த எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி. வலிகூடப் பெரிதாக இருக்காது. டிஞ்சர் போட்டுவிட்டு வேலையைத் தொடருவார்கள். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து எண்ணெயை வெளியே எடுக்காவிட்டால் விரல் போகும், சமயத்தில் கையே போகும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைப் பிடித்தால் போதும், கை தப்பிக்கும். அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஹோஸைத் தொட வேண்டும். இது எங்கே எழுதியிருக்கிறது? கம்பெனியின் கையேட்டில். எந்த மொழியில்? ஆங்கிலத்தில். அது யாரிடம் இருக்கிறது? சர்வீஸ் சென்டர் அலமாரியில்.

டிப்பரின் தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, முட்டுக் கொடுக்காமல் கீழே புகுந்து வேலை பார்ப்பது. ஹோஸ் வெடித்தால் தொட்டி கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். லாரி டயருக்குக் கூண்டு இல்லாமல் காற்று அடிப்பது. ரிம் ரிங் தெறித்தால் அது வெடிகுண்டு. இதெல்லாம் விதி இல்லை. யாராவது ஒருவர் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்து, நாலு நாள் சொல்லிக் கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சாவுகள். தகவலைப் பூட்டி வைத்துக்கொண்டு, 'தகவல் தெரியாதவர் தொடக்கூடாது' என்று பாதுகாப்பு பேசுவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

*

பழியைக் கம்பெனி மேல் மட்டும் போட்டுவிட்டு அரசாங்கத்தை விட்டுவிட முடியாது.

தமிழ்நாடு அரசு, டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியது. ரோபோ, சி.என்.சி., எலெக்ட்ரிக் வண்டி எல்லாம் உள்ளே வந்தன. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அந்த கேட்டுக்குள் நுழைய பள்ளிக்கூட மார்க் ஷீட் வேண்டும், பகல் முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும். பட்டறை வைத்திருக்கும் 45 வயதுக்காரர் எங்கே போவார்? கோ.புதூரில் ஐ.டி.ஐ. இருக்கிறது. சாயங்காலம் மணி அடித்ததும் கட்டடம் தூங்கப் போகிறது. பட்டறைக்காரர் கை கழுவுகிற நேரமும் அதுதான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு விளக்கைப் போட்டு, ஒரு பி.எஸ்.6 என்ஜினையும் ஒரு ஸ்கேனரையும் நடுவில் வைத்து, தமிழில் பாடம் நடத்த எத்தனை கோடி ஆகும்?

மோட்டார் வாகனம் பழுது பார்க்கும் தொழிலாளர்களுக்கு, அமைப்புசாரா ஓட்டுநர்களோடு சேர்த்து ஒரு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொள்ளுங்கள் என்று மெக்கானிக்குகளை நானும் கேட்டுக்கொள்கிறேன். விபத்தில் செத்தால் குடும்பத்துக்குப் பணம் வரும். செத்தால் பணம் தர வாரியம் இருக்கிறது. சாகாமலிருக்கக் கற்றுத்தர ஒரு வகுப்பு இல்லை.

மெக்கானிக் அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. செருப்பு மாட்டிக்கொண்டு பொக்லைன் செயினுக்கடியில் நிற்கிற பையன் உங்கள் பட்டறையில்தான் நிற்கிறான். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் அவனுக்கு ஸ்பானர் எதற்கு? பில் தராமல், டூப்ளிகேட் பார்ட்டை ஒரிஜினல் என்று மாட்டுகிற சிலர்தான் கம்பெனிக்காரர் கையில் வாதத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். உரிமை கேட்கிற கை கொஞ்சம் சுத்தமாகவும் இருக்க வேண்டும். கிரீஸ் இருக்கலாம், கறை இருக்கக்கூடாது.

*

சரி, என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். நான்கு விஷயம்.

ஒன்று, பழுது நீக்கும் உரிமையைத் தண்டனையோடு கூடிய சட்டமாக்க வேண்டும். லாரி, பஸ், மண் அள்ளும் இயந்திரம், டிராக்டர் எல்லாம் அதில் பெயர் சொல்லி வர வேண்டும். கருவியை ஓசியில் கேட்கவில்லை. நியாயமான விலைக்கு விற்கட்டும்.

இரண்டு, இதற்கு டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பஸ், லாரி, ரோடு ரோலர், ஜே.சி.பி. எல்லாம் மொத்தமாக வாங்குகிற பெரிய வாடிக்கையாளர் யார்? நம்ம மாநில அரசுதான். போக்குவரத்துக் கழகம், மாநகராட்சி, பொதுப்பணித் துறை. டெண்டரில் ஒரு வரி சேருங்கள்: 'சாஃப்ட்வேரையும் கையேட்டையும் வெளிப் பட்டறைகளுக்கும் தருகிற கம்பெனியிடம் மட்டுமே வாங்குவோம்.' ஆயிரக்கணக்கான பஸ் ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்?

மூன்று, தமிழ்நாட்டில் விற்கிற ஒவ்வொரு கனரக இயந்திரத்தோடும் தமிழில் ஒரு பாதுகாப்புக் கையேடு. ஷாம்பு பாக்கெட்டில்கூடத் தமிழ் இருக்கிறது. கையைக் காவு வாங்குகிற மிஷினில் இல்லை.

நான்கு, ஐ.டி.ஐ.க்களில் மாலை நேர வகுப்பு. வயது, மார்க் ஷீட் கேட்காமல் கைவேலையைப் பார்த்துப் பரீட்சை வைத்துச் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் உள்ளவருக்குக் கருவி வாங்க வங்கிக் கடன்.

'நான் லாரியும் வைத்திருக்கவில்லை, பொக்லைனும் வைத்திருக்கவில்லை, எனக்கென்ன?' என்று நினைக்கிறீர்களா? லாரி நிற்கிற ஒவ்வொரு நாளும் வாடகையில் ஏறும். வாடகை செங்கல்லிலும் அரிசியிலும் ஏறும். அதைவிட முக்கியமான விஷயம், பூட்டுப் போடுகிறவர்கள் லாரியோடு நிறுத்தப் போவதில்லை. உங்கள் செல்போன் பேட்டரி ஏற்கெனவே உங்கள் கைக்கு எட்டாது. ஸ்கூட்டர் எலெக்ட்ரிக் ஆகிவிட்டது. தெருமுனை மெக்கானிக் அதைப் பார்த்து, 'கம்பெனிக்குக் கொண்டு போங்க தம்பி' என்கிறார். நாளைக்கு வாஷிங் மெஷினும் கிணற்று மோட்டாரும் அதையே சொல்லும்.

முழுப் பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க இன்னொருவரின் அனுமதி வேண்டும் என்றால், நாம் அதை வாங்கவில்லை. வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அதுவும் அட்வான்ஸ் திரும்பி வராத வாடகை.